முதல் போவா: குட்டியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

பிறந்து சில நாட்களே ஆன போவா பாம்புக் குட்டி ஒன்றைக் கையில் வாங்கினால் ஒரு கோழி முட்டையின் எடைதான் இருக்கும். ஐம்பது கிராம், கொஞ்சம் கூடக்குறைய. நீளம் ஒன்றரை அடி. விரலைச் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டி உங்களை முகர்ந்து பார்க்கும். அது பெண்ணாக இருந்து ஒழுங்காகவும் வளர்ந்தால், ஐந்தாறு வருடத்தில் ஏழடி நீளமும் ஆறேழு கிலோ எடையுமாக உங்கள் தோளை அழுத்தும். அதற்கப்புறம் இன்னும் இருபது வருடம் வீட்டில் இருக்கும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா விலங்குக்காட்சிச் சாலையில் ‘பாப்பை’ என்று பெயரிட்டு வளர்த்த போவா ஒன்று 40 வயதைத் தாண்டி 1977இல்தான் இறந்தது. அவ்வளவு காலம் வாழ்வது அபூர்வம். ஆனால் வீட்டில் வளரும் போவா 25 வயதைத் தொடுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

முதல் பாம்பு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஐம்பது கிராமைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதன் அம்மாவை. அம்மா எத்தனை அடி, அப்பா எத்தனை அடி, அவை எந்த ஊர் வழி வந்தவை, இந்தக் குட்டி ஆணா பெண்ணா, இதுவரை என்ன தின்றது? இந்தக் கேள்விகளுக்கு விற்பவரிடம் பதில் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் எவ்வளவு அழகான குட்டியாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் பார்த்துவிடலாம். நம் செய்தித்தாள்களில் பைத்தான், அனகோண்டா, போவா எல்லாமே மலைப்பாம்புதான். மூன்றும் இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்பவை என்பதால் வந்த பழக்கம். ஆனால் பைத்தான் முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும். போவாக் குடும்பத்தில் அநேகமாக எல்லாமே குட்டி போடுபவை. அனகோண்டாவும் இந்தக் குடும்பம்தான். முட்டையிடும் விதிவிலக்கும் உண்டு, உதாரணம் அரேபிய மணல் போவா. மஸ்கட்டில் பணியாற்றிய ஜெயகர் என்ற இந்திய மருத்துவரின் பெயரைத்தான் அதற்கு அறிவியல் பெயராக வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வயல்வரப்பில் புரண்டுகொண்டிருக்கும் மண்ணுளிப் பாம்பும் இந்த மணல் போவாக் கூட்டத்தைச் சேர்ந்ததே. போவா என்றால் ஏதோ அமேசான் காட்டுச் சங்கதி என்று நினைக்கும் தமிழ் வாசகர் பலர், ஊரில் ஒரு போவாவைப் பார்த்தே வளர்ந்திருப்பார்கள்.

சரி, கடைக்கு வருவோம். நான் இருக்கும் அமெரிக்காவிலும், இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற இடங்களிலும் ‘போவா’ என்று சொல்லி அதிகம் விற்கப்படுவது போவா இம்பரேட்டர் என்ற இனம். மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா வழியாகக் கொலம்பியா, ஈக்வடாரின் மேற்குப் பகுதி வரை பரவியிருப்பது. இதை வெகுகாலம் போவா கன்ஸ்ட்ரிக்டரின் துணை இனம் என்றே எழுதிவந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது போவா கன்ஸ்ட்ரிக்டர் என்ற பெயர் சுரிநாம், கயானா, பிரேசில், பெரு பக்கத்துப் பாம்புகளுக்குத்தான் பொருந்தும். உண்மையான ‘ரெட்டெயில்’ இவைதான். வால் பகுதி செங்கல் சிவப்பிலோ திராட்சை ரச நிறத்திலோ இருக்கும், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அந்தப் பெயருக்கு மவுசு இருப்பதால், வாலில் கொஞ்சம் பழுப்புச் சிவப்பு தெரிகிற எல்லாக் குட்டிக்கும் ரெட்டெயில் என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள்.

இந்த வித்தியாசம் பெயரோடு நிற்பதில்லை. சுரிநாம், கயானா வழிப் பெண் பாம்பு எட்டு ஒன்பது அடிக்குப் போகக்கூடியது. அதைவிட முக்கியம், அதன் வயிறு. குட்டிப் பருவத்தில் இரை கொஞ்சம் பெரிதாகிவிட்டாலோ, கூண்டில் சூடு குறைந்துவிட்டாலோ, சாப்பிட்ட இரண்டாம் நாள் கையில் எடுத்துவிட்டாலோ கக்கிவிடும். பாம்பு கக்குவது நாம் வாந்தி எடுப்பது போல எளிதாக விட்டுவிடும் விஷயமல்ல. செரிமான நீரும் உடலின் ஈரமும் சேர்ந்து போய்விடும். உடனே மறுபடி இரை கொடுத்தால் மறுபடி கக்கும், இப்படியே மெலிந்து செத்துப்போன குட்டிகள் நிறைய. ஒருமுறை கக்கினால் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் வைத்துக் காத்திருந்து, அப்புறம் வழக்கமான அளவில் பாதி இரையில் தொடங்க வேண்டும். போவா இம்பரேட்டருக்கும் இதே விதிதான், ஆனால் அது இந்த விஷயத்தில் எவ்வளவோ தாங்கும். முதல் பாம்பாக உண்மையான ரெட்டெயிலை நான் யாருக்கும் சொல்வதில்லை. அழகை விட்டுக்கொடுக்க மனம் வராது, தெரியும். நாலு வருடம் ஒரு இம்பரேட்டரை வளர்த்துவிட்டு அதற்குப் போகலாம்.

எனக்கு இது பாடமான விதத்தையும் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் ஊர்வனச் சந்தை ஒன்றில் ‘சுரிநாம்’ என்று எழுதி வைத்திருந்த குட்டி ஒன்றை வாங்கினேன். பெற்றோரின் படம் இல்லை, பிறந்த தேதி இல்லை, விற்றவரின் வாய்ச்சொல் மட்டும்தான். இரண்டு வருடத்தில் வாலின் சிவப்பு மங்கிப் பழுப்பாகி, முதுகுப் பட்டைகளின் வடிவமும் தெளிவான பிறகு, அனுபவமுள்ள நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுக் கொலம்பியா வழி இம்பரேட்டர் என்றார். பாம்பின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, அருமையான பாம்பு. ஆனால் அதன் வழி என்னவென்று தெரியாமலேயே இரையின் அளவையும் கூண்டின் சூட்டையும் இரண்டு வருடம் குத்துமதிப்பாக வைத்திருந்தேன். அதிலிருந்து, காகிதம் இல்லாத ஊர்ப்பெயரை நான் ஊர்ப்பெயராகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஊர்ப்பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தீவுப் போவாக்களே சாட்சி. ஹோண்டுராசின் கரீபியக் கரைக்கு அப்பால் கயோஸ் கொச்சினோஸ் என்ற சின்னத் தீவுக்கூட்டம் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் பன்றித் தீவுகள் என்று பொருள். அங்குள்ள போவாக்களைத்தான் சந்தையில் ஹாக் ஐலண்ட் போவா என்பார்கள். வெளிர் இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த நிறம், இரவில் இன்னும் வெளுக்கும். ஆண் மூன்றரை நாலடி, பெண் ஐந்தடி சுமார். இந்த அழகே அவற்றுக்கு வினையானது. 1970களிலும் 80களிலும் செல்லப்பிராணி வணிகத்துக்காக வாரிக்கொண்டு போனதில் ஒரு கட்டத்தில் தீவில் போவாவே அரிதாகிவிட்டது. பெலீஸ் நாட்டின் குட்டித் தீவுகளிலும், வடமெக்சிகோவின் தாராஉமாரா மலைப்பகுதியிலும் இதே போலக் குட்டையான போவாக்கள் உண்டு.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. ‘தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் பாம்பு வளரும்’ என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஸ்காட் போபாக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும் பெலீஸின் தீவுப் போவாக் குட்டிகளையும் நிலப்பகுதிப் போவாக் குட்டிகளையும் ஒரே மாதிரி சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். தீவுக் குட்டிகள் சிறிதாகவே வளர்ந்தன. அதாவது அளவு என்பது பெரும்பகுதி பிறப்பிலேயே வருவது. கூண்டைச் சுருக்கினால் பாம்பு நோயாளியாகும், அவ்வளவுதான். பட்டினி போட்டால் வளர்ச்சி தடுமாறும், அதைப் பாம்பு வளர்ப்பு என்று சொல்ல முடியாது. சின்னப் பாம்பு வேண்டுமென்றால் சின்னதாகவே வளரும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. ‘ட்வார்ஃப்’, அதாவது குட்டை வகை, என்று விற்கப்படுபவற்றில் பல, தீவுப் போவாவோடு கொலம்பியா வழியைக் கலந்து பிறந்தவை. புதுப்புது நிறங்களைக் குட்டை உடம்பில் கொண்டுவர வேண்டும் என்பதற்காகச் செய்யும் கலப்பு அது. குட்டியாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. வளர்ந்த பிறகு ஆறடியைத் தாண்டலாம். அதனால்தான் அம்மாவைப் பாருங்கள் என்கிறேன். நேரில் பார்க்க முடியாவிட்டால், ஒரு மனிதர் கையில் பிடித்திருக்கும் படமாவது கேளுங்கள். ஒழுங்காக இனப்பெருக்கம் செய்கிறவர்கள் கேட்பதற்கு முன்பே காட்டுவார்கள்.

ஆணா பெண்ணா என்பதைப் பலர் கேட்பதே இல்லை. போவாக்களில் பெண்தான் பெரியது. இம்பரேட்டரில் ஆண் பெரும்பாலும் ஐந்து ஆறடியில் நின்றுவிடும், உடம்பும் ஒல்லி. பெண் ஆறிலிருந்து எட்டு. ஒரே தாயின் வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் வளர்ந்தபின் எடையில் ஒன்றுக்கு இரண்டாக நிற்பது சாதாரணம். ஆசனவாயின் இருபுறமும் நகம் போலச் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும் முள், பரிணாமத்தில் எஞ்சிய பின்னங்கால். ஆணுக்கு அது பெரிதாகவும் வளைந்தும் இருக்கும். குட்டியில் இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, தேர்ந்தவர்கள் கருவியால் சோதித்துச் சொல்ல வேண்டும். விற்பவர் சோதித்துப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். முதல்முறை வளர்ப்பவருக்கு என் பரிந்துரை வீட்டில் பிறந்த ஆண் இம்பரேட்டர். நடுத்தர அளவு, பெரும்பாலும் நிதானமான குணம், சாப்பாட்டில் அடம் இல்லை, சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் உடம்பு.

ஆனால் எல்லோருக்கும் ஆறடிக் கூண்டுக்கு இடம் இருக்காது. வளர்ந்த போவா நேராக நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் வேண்டும் என்பதுதான் இன்றைய நல்ல வழக்கம். 180 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் என்றால் ஒரு கட்டில் போடும் இடம். ஒரு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருக்கும் இளைஞர், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வீடு மாறுபவர், இவர்களுக்கு வேறு போவாக்கள் உண்டு.

ரோஸி போவாவை நான் மனதார விரும்புகிறேன். தெற்குக் கலிஃபோர்னியா, அரிசோனா, மெக்சிகோவின் பாஹா தீபகற்பம், சொனோரா பகுதிகளின் பாறைப் பாலைவனத்துப் பாம்பு. இரண்டடி, மிஞ்சினால் மூன்றடி. முதுகில் மூன்று நீளக் கோடுகள், ஒவ்வொரு மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் அதன் நிறம் கொஞ்சம் மாறும். ஆரஞ்சு, காபிப் பழுப்பு, நீலச் சாம்பல் என்று. வளர்ப்பவர்கள் பிடிவாதமாக ஊர்ப்பெயர் சொல்லித்தான் விற்பார்கள். கையில் எடுத்தால் மெதுவாக நகரும், கடிப்பது மிக அரிது. ஒரே எச்சரிக்கை, சாப்பாட்டு ஆசை அதிகம், எலி வாசனையோடு விரலை நீட்டினால் விரலையே பிடித்துக்கொள்ளும். அப்புறம், ஈரம் ஆகாது. கூண்டு காய்ந்து இருக்க வேண்டும், தண்ணீர்க் கிண்ணம் சின்னதாக இருந்தால் போதும். வசந்த காலத்தில் ஆண் பாம்பு இணை தேடும் நினைப்பில் சில வாரம் சாப்பிடாது, பயப்பட வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் வாழும், மூன்றடிக் கூண்டு போதும். சின்ன வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான போவா எனக்குத் தெரியவில்லை.

கென்யா மணல் போவா நம் மண்ணுளிக்கு ஆப்பிரிக்கச் சித்தப்பா பிள்ளை. எகிப்திலிருந்து தான்சானியா வரை இருக்கிறது. பெண் இரண்டடி, இரண்டரை அடி. ஆண் ஒன்றேகால் அடிதான், கட்டைவிரல் கனம். ஆரஞ்சும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும், ஆனால் அந்த நிறத்தை நீங்கள் பார்க்கப்போவது வாரத்தில் ஓரிரு தடவைதான். நாள் முழுக்க மண்ணுக்குள் புதைந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். பெயரில் மணல் இருக்கிறதே என்று மணல் கொட்டத் தேவையில்லை, நாலைந்து அங்குலம் ஆஸ்பென் மரச்சீவல் போட்டால் அதிலேயே சந்தோஷமாகப் புதைந்துகொள்ளும். ஆண்கள் மாதக்கணக்கில் உண்ணாமல் இருப்பதற்குப் பேர்போனவை. முதல்முறை வளர்ப்பவருக்கு இதில் தூக்கம் போய்விடும். இந்த இனத்தில் மட்டும் பெண்ணை எடுக்கச் சொல்வேன்.

வானவில் போவா வேறு கதை. அமேசான் பகுதியின் பிரேசில் வானவில் போவாவின் செதில்களில் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வரிகள் இருக்கின்றன. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, செம்பழுப்பு உடம்பின் மேல் நீலமும் பச்சையும் ஊதாவுமாக ஓடும். படத்தில் வராது, நேரில்தான் பார்க்க வேண்டும். இதற்குக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. குட்டிக்கு அதற்கும் மேலே வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு காய்ந்திருக்கும். அங்கே வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் இந்தக் குட்டியை வைத்தால் சில நாட்களிலேயே உடல் வற்றிவிடும். குட்டிகள் கடிக்கவும் செய்யும், வளர வளர அடங்கும். கூண்டின் ஈரத்தைப் பிடித்து வைக்கக் கற்றுக்கொண்ட பிறகு எடுக்க வேண்டிய பாம்பு இது.

மடகாஸ்கரின் டூமெரில் போவா சாதுவானது, ஐந்தாறு அடி, காய்ந்த இலைக்குவியல் போன்ற உடல். ஆனால் அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டீஸின் முதல் பட்டியலில் இருப்பதால் ஐரோப்பாவில் சான்றிதழ் இல்லாமல் விற்கவோ வாங்கவோ முடியாது. அர்ஜென்டினா போவாவும் அதே பட்டியல். மரகத மரப் போவாவை முதல் பாம்பாக நினைக்கவே வேண்டாம். நீளமான பற்கள், மெல்லிய சுபாவம், கொஞ்சம் பிசகினாலும் நோய்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. மரபணு மாற்றத்தால் வரும் நிற வகைகள் போவாவில் எத்தனையோ. ஆல்பினோவிலேயே ‘கால்’ (Kahl), ‘ஷார்ப்’ (Sharp) என்று இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் இணைத்தால் குட்டிகள் சாதாரண நிறத்தில்தான் பிறக்கும். இதெல்லாம் இனப்பெருக்கம் செய்பவர்களின் கணக்கு. முதல்முறை வாங்குபவர் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: மாட்லி என்ற வகையில் ஒரு பிரதி மரபணு இருந்தால் பிரச்சினை இல்லை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வாங்கிய ‘சூப்பர் மாட்லி’ குட்டிகள் நீடித்து வாழ்வதில்லை. விலை கூடுதல் என்பதாலேயே ஆரோக்கியம் கூடுதல் ஆகிவிடாது.

இனி சாப்பாடு, ஏனென்றால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். போவா மெதுவாக வளரப் பிறந்தது. முழு வளர்ச்சிக்கு நாலைந்து வருடம் எடுத்துக்கொள்ளும். வாரா வாரம் பெரிய எலியாகக் கொடுத்து இரண்டு வருடத்தில் ஆறடி ஆக்குபவர்கள் உண்டு. அந்தப் பாம்பின் உள்ளுறுப்புகளைக் கொழுப்பு சூழ்ந்திருக்கும், ஆயுள் குறையும். குட்டிக்குப் பத்து, பதினான்கு நாளுக்கு ஒரு தடவை, உடம்பின் தடிமனை மிஞ்சாத இரை. வளர்ந்ததற்கு நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை போதும். உறைய வைத்த எலியை ஃப்ரிட்ஜில் ஓர் இரவு இளகவிட்டு, வெந்நீரில் உடல்சூட்டுக்குக் கொண்டுவந்து இடுக்கியால் நீட்ட வேண்டும். உயிருள்ள எலி வேண்டாம், மூலையில் மாட்டிய எலி பாம்பின் முகத்தைக் கடித்துக் குதறிவிடும்.

நம்மவர்கள் வீட்டில் இந்த இடத்தில்தான் சிக்கல் வரும். சைவக் குடும்பம், மாமியார் ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்குவார், ஃப்ரீசரைத் திறந்தால் எலி. இதை முதலிலேயே பேசித் தீர்க்காமல் பாம்பு வாங்கியவர்கள், ஒரு வருடத்துக்குள் அந்தப் பாம்புக்கு வேறு வீடு தேடுகிறார்கள். தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கிவிடுவது நல்லது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமியையும் நினைவில் வைக்க வேண்டும். பாம்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது.

கூண்டுக்குள் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 சுமார். பாம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தேடி நகர்ந்துகொள்ளும். எந்தச் சூடேற்றியானாலும், சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடக் கூடாது. மின்சாரத்தில் சுடும் செயற்கைக் கல்லை வாங்கவே வேண்டாம், பாம்பு அதன் மீதே படுத்து வயிறு வெந்துபோகும். கூண்டும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து பாம்பின் விலையைத் தாண்டிவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பெரிய போவாவின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். இறுக்கிக் கொல்வது என்றால் மூச்சை நிறுத்துவது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். மேலே சொன்ன அதே போபாக்கின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு, போவாவின் பிடியில் எலியின் ரத்த ஓட்டமே சில நொடிகளில் நின்றுபோவதைக் காட்டியது. அதற்கு முன்பு 2012இல், இரையின் இதயத் துடிப்பைப் போவா உணர்ந்து அதற்கேற்ப இறுக்கத்தை நீட்டிக்கிறது என்றும் கண்டார்கள். மனிதரை இரையாக நினைக்கும் பாம்பல்ல இது. ஆனாலும் ஆறடிக்கு மேற்பட்ட போவாவைத் தனியாக இருக்கும்போது கழுத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. இரை கொடுக்கும்போது வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கட்டும்.

எங்கே வாங்குவது என்பதை நோய்தான் தீர்மானிக்கிறது. இன்க்ளூஷன் பாடி டிசீஸ், சுருக்கமாக ஐ.பி.டி. என்ற நோய் 1970களிலிருந்தே போவா, பைத்தான்களைக் கொன்று வருகிறது. கக்குதல், மெலிவு, தலையை வானத்தைப் பார்ப்பது போலத் திருப்பிக்கொண்டு நிலைகுத்தி நிற்பது, மல்லாக்கப் போட்டால் நிமிரத் தெரியாமல் கிடப்பது, இவை அறிகுறிகள். காரணம் அரெனாவைரஸ் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ் என்பதைக் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டுபிடித்தார்கள். அதுவரை இந்த வைரஸ் வகை பாலூட்டிகளில் மட்டும்தான் தெரிந்திருந்தது. மருந்து கிடையாது. கொடுமை என்னவென்றால், போவா இந்த வைரஸை வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்துகொண்டிருக்கும். நாலைந்து இடத்துப் பாம்புகளை நெருக்கி வைத்திருக்கும் கடையைவிட, சில போவாக்களை மட்டும் வைத்து ரத்தப் பரிசோதனை செய்து வளர்ப்பவரிடம் வாங்குவது நல்லது. ஏற்கெனவே வீட்டில் பாம்பு இருந்தால், புதியதை மூன்று மாதமாவது வேறு அறையில், வேறு இடுக்கி, வேறு கிண்ணம் வைத்துப் பராமரிக்க வேண்டும்.

குட்டியைக் கையில் எடுத்ததும் பாருங்கள். கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் மிளகுத்தூள் போல நகரும் கறுப்புப் புள்ளி இருந்தால் உண்ணி. தண்ணீர்க் கிண்ணத்தின் அடியையும் பாருங்கள், மூழ்கிய உண்ணி அங்கே கிடக்கும். வாயோரம் நுரை, மூச்சில் சத்தம் இருந்தால் நுரையீரல் தொற்று. பழைய சட்டை கண்ணில் ஒட்டியிருக்கிறதா, ஆசனவாய் சுத்தமாக இருக்கிறதா, உடம்பு கையில் இறுக்கமாக இருக்கிறதா, துணி போலத் தொய்கிறதா? குறைந்தது ஐந்து தடவை உறைய வைத்த எலியைத் தின்று, கக்காத குட்டி வேண்டும். அந்த ஊரில் பாம்புக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்க மத்திய அரசு 2012இலும் 2015இலும் பெரிய பைத்தான்களையும் அனகோண்டாக்களையும் தீங்கு விளைவிக்கும் உயிரினப் பட்டியலில் சேர்த்தபோது, போவாவையும் சேர்க்க யோசித்துக் கடைசியில் விட்டுவிட்டது. யோசித்ததற்குக் காரணம் இருந்தது. மெக்சிகோவின் கோசுமெல் தீவில் 1971இல் விடப்பட்ட சில போவாக்களும், அரூபா தீவில் 1999இல் முதலில் தென்பட்ட போவாவும் இன்று அங்கே ஒழிக்க முடியாத கூட்டமாகிவிட்டன. வளர்க்க முடியவில்லை என்று வெளியே விடப்படும் பாம்பு இப்படித்தான் ஒரு தீவின் பறவைகளைத் தின்று தீர்க்கிறது. ஹவாயில் எந்தப் பாம்பும் வளர்க்க முடியாது. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டுப் பாம்புக்கு இடமில்லை, சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதே குற்றம்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. மண்ணுளியும் அதில் அடக்கம். நக்கினால் தொழுநோய் வரும் என்று அதை அடித்துக் கொன்ற காலம் போய், வைத்திருந்தால் செல்வம் கொட்டும், கோடிக்கு விலைபோகும் என்று பிடித்து விற்கும் காலம் வந்திருக்கிறது. இரண்டும் பொய், இரண்டிலும் செத்தது அந்த அப்பாவிப் பாம்பு. வெளிநாட்டு இனங்களைப் பொறுத்தவரை, 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி சைட்டீஸ் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். போவாக் குடும்பம் முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் பயணப் பெட்டிக்குள் துணிப்பையில் கட்டிவந்த பாம்புகளைச் சுங்கத் துறை பலமுறை பிடித்திருக்கிறது. காகிதம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் குட்டி பெரும்பாலும் அந்த வழியில் தப்பி வந்ததுதான்.

சட்டம் இடம் கொடுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. ஊர்வன மீட்பு மையங்களில் ஆறடி, ஏழடி போவாக்கள் வீடு கிடைக்காமல் கிடக்கின்றன. குட்டியைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் கொண்டுவந்து விட்டவை அவை. அவற்றின் அளவு, குணம், சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் கண்முன்னே தெரியும், எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. ஏழு வயது ஆண் இம்பரேட்டர் ஒன்றைப் பரிசோதனை செய்து எடுத்துவந்தால், ஒரு குட்டியோடு தடுமாறுவதைவிட எளிது.

எதை எடுத்தாலும், வீட்டுக்கு வந்த முதல் வாரம் தொடாதீர்கள். தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடம், ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம் வையுங்கள். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ, அது வழக்கமாகத் தின்னும் அளவைவிடச் சின்ன எலி ஒன்றைக் கொடுத்து விளக்கை அணைத்துவிட்டு வாருங்கள். தின்ற பிறகு இரண்டு மூன்று நாள் கூண்டைத் திறக்க வேண்டாம். இப்படி மூன்று சாப்பாடு கக்காமல் செரித்த பிறகு, ஒரு மாலை நேரத்தில் பத்து நிமிடம் மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள்.